பழைய டிடிஒய் உரைத் தொலைபேசியோடு கணினி மோடம் ஏன் இணைய மறுக்கிறது?

கேள்வி: வடகரை

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் வசிக்கிறேன். எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார் தனியாக இருக்கிறார். சிறு வயதிலிருந்தே அவருக்குக் காது கேளாது. அவர் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் டிடிஒய் எனப்படும் உரைத் தொலைபேசி இன்னும் நன்றாக வேலை செய்கிறது: சிறிய விசைப்பலகை, ஒற்றை வரித் திரை, தொலைபேசியின் கைப்பிடியைக் கவிழ்த்து வைக்க இரண்டு ரப்பர்க் குழிகள், ஓரத்தில் காகிதச் சுருளில் அச்சடிக்கும் சிறு பொறி. முன்பெல்லாம் காணொளி அழைப்பில் சைகை மொழியில் உரையாடி வந்தவர், கண்பார்வை மங்கிய பிறகு திரையில் விரல்களின் அசைவைத் தொடர முடியாமல் மீண்டும் இந்தக் கருவிக்கே வந்துவிட்டார். காகிதத்தில் வந்ததை உருப்பெருக்கியை வைத்து நிதானமாகப் படிக்க முடிகிறது என்கிறார்.

நான் வெளியூரில் இருக்கும் நாள்களில் அவருடன் நேரடியாக எழுத்தில் உரையாட வேண்டும் என்பது என் விருப்பம். லினக்ஸ் மடிக்கணினியில் ஒரு யுஎஸ்பி மோடத்தைப் பொருத்தி அவரது எண்ணை அழைத்தேன். அவரது கருவியின் விளக்கு மினுங்குகிறது. அவர் எடுத்துத் தட்டச்சு செய்கிறார். என் திரையிலோ எதுவும் தோன்றுவதில்லை. ஒரு நிமிடம் ஆவதற்குள் 'நோ கேரியர்' என்று காட்டிவிட்டு மோடம் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. வேகத்தை 300க்குக் குறைத்தும், தரவை 5 பிட் என்று மாற்றியும் பார்த்தேன், நிலைமை மாறவில்லை. 33,600 பிட் வேகத்தில் இயங்கும் கருவிக்கு இவ்வளவு மெதுவான ஒன்றுடன் பேசுவதில் என்ன தடை? இதைச் சரிசெய்ய வழி உண்டா?

மறுமொழி: தந்திக்கம்பி

வணக்கம் நண்பரே. தடை வேகத்தில் இல்லை. தொலைபேசிக் கம்பியில் எப்படி நடந்துகொள்வது என்பதில் இரண்டு கருவிகளும் முற்றிலும் வேறுபட்டவை. அதனால்தான் அமைப்புகளை எவ்வளவு மாற்றினாலும் பயன் கிடைக்கவில்லை.

சாதாரண மோடம் அழைப்பு இணைந்தவுடன் மறுமுனையிலிருந்து ஒரு தொடர்ந்த ஒலியை எதிர்பார்க்கிறது. 300 பிட் வேகத்துக்கான பெல் 103 முறையையே எடுத்துக்கொண்டால், அழைப்பை ஏற்ற மோடம் 2225 ஹெர்ட்ஸில் ஒலிக்க வேண்டும், அழைத்த மோடம் 1270 ஹெர்ட்ஸில் அதற்கு மறுமொழி தர வேண்டும். அதன் பிறகு யாரும் எதையும் தட்டாவிட்டாலும் இரண்டு ஒலிகளும் ஓயாமல் கம்பியில் இருந்தாக வேண்டும். இந்த ஓயாத ஒலியைத்தான் கேரியர் என்கிறோம். டிடிஒய்யில் அப்படி ஒன்றே கிடையாது. விசையைத் தட்டும்போது மட்டும் அது ஒலிக்கும். தட்டி முடித்ததும் ஒரு விநாடியில் ஏறத்தாழ கால் பங்கு நேரம் ஒலியை நீட்டிவிட்டு அமைதியாகிவிடும். அழைப்பை எடுத்தவுடன் கருவிகள் தமக்குள் செய்துகொள்ளும் அறிமுகப் பரிமாற்றமும் அதில் இல்லை. ஆகவே உங்கள் மோடம் வராத கேரியருக்காகக் காத்திருந்து, எஸ்7 பதிவேட்டில் குறித்த நேரம் முடிந்ததும் (பல மோடங்களில் அது 50 விநாடி) துண்டித்துவிடுகிறது. அந்தக் கட்டத்தை ஏதோ ஒரு வகையில் தாண்டினாலும், கேரியர் மறைந்தால் எவ்வளவு நேரம் பொறுப்பது என்று சொல்லும் எஸ்10 பதிவேடு வழக்கமாக ஒன்றரை விநாடிகூடக் கொடுப்பதில்லை. உங்கள் அம்மையார் அடுத்த சொல்லை யோசிப்பதற்குள் இணைப்பு போய்விடும்.

அடுத்தது குறிமுறை. டிடிஒய் ஒவ்வோர் எழுத்தையும் 5 பிட்டில், போடோ என்ற பழைய தந்திக் குறிமுறையின் வழிவந்த முறையில், விநாடிக்கு 45.45 பிட் வேகத்தில் அனுப்புகிறது. 1 என்பதற்கு 1400 ஹெர்ட்ஸ், 0 என்பதற்கு 1800 ஹெர்ட்ஸ். இரு பக்கமும் இதே இரண்டு ஒலிகளைத்தான் பயன்படுத்துகின்றன என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே தட்ட முடியும். நீங்கள் 5 பிட் என்று மாற்றியதில் தவறில்லை. கணினியின் தொடர் துறைக்கு (சீரியல் போர்ட்) 5 பிட்டும் தெரியும், எழுத்தின் முடிவைக் காட்டும் ஒன்றரை நிறுத்தப் பிட்டும் தெரியும், 115200ஐ 2535ஆல் வகுத்தால் வேண்டிய வேகமும் கிட்டத்தட்டச் சரியாகவே வந்துவிடும். ஆனால் அந்த அமைப்பு கணினிக்கும் மோடத்துக்கும் இடையிலான பாதையை மட்டுமே ஆள்கிறது. மோடம் தொலைபேசிக் கம்பியில் எந்த ஒலியை எழுப்ப வேண்டும் என்பதை அதனுள் இருக்கும் சில்லு தீர்மானிக்கிறது. பெரும்பாலான சில்லுகளுக்கு 1400, 1800 என்ற இணையே தெரியாது.

இந்த வேறுபாடு எப்படி வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இது தொலைபேசி நிறுவனங்கள் வகுத்த முறை அல்ல. காது கேளாதோர் தாமே உருவாக்கிக்கொண்டது. இயற்பியலாளர் ராபர்ட் வைட்பிரெக்ட் காது கேளாதவர். அமெச்சூர் வானொலியில் தந்தி அச்சுப்பொறிகளை இயக்கிப் பழகியவர். பசடேனா நகரில் பல்சீரமைப்பு மருத்துவராக இருந்த ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ், பொறியாளர் ஆண்ட்ரூ சாக்ஸ் ஆகிய இருவரும் காது கேளாதவர்களே. இம்மூவரின் முயற்சியில் 1964இல் தொலைபேசிக் கைப்பிடியைக் குழிகளில் வைத்து, ஒலி வழியாகவே தந்தி அச்சுப்பொறிகளை இணைக்கும் கருவி உருவானது. அந்நியக் கருவிகளைத் தன் கம்பியில் நேரடியாக இணைக்கத் தொலைபேசி நிறுவனம் அனுமதிக்காத காலம் அது. கார்ட்டர்ஃபோன் வழக்கில் அந்தத் தடையைத் தளர்த்தும் முடிவு 1968இல்தான் வந்தது. குழிகளில் கைப்பிடியைக் கவிழ்ப்பதற்கு அதுவே காரணம். அன்று கிடைத்தவை நிறுவனங்கள் கழித்துக்கட்டிய 5 பிட் அச்சுப்பொறிகள். அவற்றின் வேகம் நிமிடத்துக்கு 60 சொல். பின்னால் நல்ல குறிமுறைகள் வந்தபோதும், ஏற்கெனவே வீடுகளில் இருந்த கருவிகளைக் கைவிட்டால் அந்த மனிதர்கள் துண்டிக்கப்படுவார்கள் என்பதால் புதிய டிடிஒய்களும் பழைய முறையையே பேசின. அந்த முடிவு மிகச் சரியானது என்று நான் நினைக்கிறேன். உங்கள் அம்மையாரின் கருவி இன்றும் எந்த டிடிஒய்யுடனும் பேசுவது அதனால்தான்.

மறுமொழி: நீலமலை

தந்திக்கம்பி விளக்கியதற்கு மேல் காரணம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. முதலில் எளிய வழியைச் சோதித்துவிடுங்கள். பிற்காலத்து டிடிஒய்கள் பலவற்றில் போடோவுடன் கணினிகளின் எழுத்துக் குறிமுறையான ஆஸ்கியும் உண்டு. அது 300 பிட் வேகத்து பெல் 103தான், உங்கள் மோடத்துக்கும் அது தெரிந்திருக்க வாய்ப்பு மிகுதி. கருவியின் பட்டியலில் ஆஸ்கி என்ற தேர்வு இருந்தால் அதற்கு மாற்றி, மோடத்தையும் பெல் 103இல் பூட்டிவிடுங்கள். வேகத்தைத் தானே பேசித் தீர்மானிக்கும் வசதி திறந்திருந்தால் மோடம் வேறு ஒலிகளை எழுப்பி வேலையைக் கெடுக்கும். ஒரு முனை அழைக்கும் நிலையிலும் மறுமுனை ஏற்கும் நிலையிலும் இருக்க வேண்டும். நீங்கள் தட்டுவது உங்களுக்கே தெரியவில்லை என்றால் முனைய நிரலில் உள்ளூர் எதிரொலியை இயக்குங்கள். எழுத்துகள் விசித்திரமாக வந்தால் 7 பிட்டும் இரட்டைச் சமநிலையும் (ஈவன் பாரிட்டி) வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று: மோடம் வி.18 என்ற ஐடியு (பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) பரிந்துரையை ஆதரிக்கிறதா என்று அதன் கட்டளைக் கையேட்டில் தேடுங்கள். உரைத் தொலைபேசிகள் நாட்டுக்கு நாடு வேறு வேறு முறையில் வளர்ந்தன. பிரான்ஸில் மினிடெல், ஜெர்மனியில் 110 பிட் முறை, சில நாடுகளில் தொலைபேசியின் எண் விசை ஒலிகளையே எழுத்தாக்கும் முறை என்று ஒன்றோடொன்று பேசாத தீவுகளாக இருந்தன. மறுமுனையில் இருப்பது எது என்று கேட்டறிந்து அதற்கேற்ப மாறிக்கொள்ளும் மோடத்துக்காகவே 1994இல் வி.18 வகுக்கப்பட்டது, அமெரிக்க 5 பிட் முறையும் அதில் அடக்கம். நல்ல ஏற்பாடு, ஆனால் கடையில் விற்கும் மலிவான மோடங்களில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

மறுமொழி: மருதம்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். அம்மையாருக்குப் பெரிய எழுத்துள்ள ஒரு கைக்கணினியை வாங்கிக் கொடுத்துக் குறுஞ்செய்தி அனுப்பினால் இந்தச் சிரமங்கள் எதுவும் இராதே?

மறுமொழி: வடகரை

மருதம், தாங்கள் சொல்வதை அவரிடமே முன்பு கேட்டிருக்கிறேன். குறுஞ்செய்தியை அனுப்பிவிட்டுக் காத்திருப்பது அவருக்கு உரையாடலாகத் தோன்றவில்லை. டிடிஒய்யில் மறுமுனையில் இருப்பவர் தட்டும் ஒவ்வோர் எழுத்தும் அந்த நொடியிலேயே வருகிறது. தயங்குவதும், அடித்துத் திருத்துவதும், வேகம் எடுப்பதும் தெரிகின்றன. கை பழகிய கருவியை இந்த வயதில் அவர் மாற்ற வேண்டும் என்று வற்புறுத்த எனக்கு மனம் வரவில்லை. என் பக்கத்தை மாற்றுவதே முறை என்று கருதுகிறேன்.

நீலமலை, அவரது கருவியின் பட்டியலைப் பார்த்தேன். ஆஸ்கி இல்லை, போடோ மட்டுமே. என் மோடத்தின் கையேட்டிலும் வி.18 பற்றி எதுவும் இல்லை. என் வீட்டில் கம்பித் தொலைபேசி கிடையாது, இணையவழித் தொலைபேசிதான்; அவர் வீட்டில் கம்பித் தொலைபேசியே இருக்கிறது. இனி என்ன செய்யலாம்?

மறுமொழி: அலைவரிசை

அப்படியானால் மோடத்தை முற்றாக ஒதுக்கிவிடுங்கள். போடோ ஒலிகளைக் கணினியின் ஒலி அட்டையே உண்டாக்கவும் புரிந்துகொள்ளவும் முடியும். 22 மில்லி விநாடிக்கு ஒரு பிட் என்பது இன்றைய கணினிக்கு ஒரு வேலையே அல்ல. லினக்ஸில் மினிமோடம் என்ற கட்டற்ற மென்பொருள் உள்ளது. அதில் டிடிடி (டிடிஒய்யின் இன்னொரு பெயர்) என்ற பெயரில் ஒரு முறை தயாராகவே இருக்கிறது: 45.45 வேகம், 5 பிட், 1400, 1800 ஹெர்ட்ஸ் எல்லாம் அமைந்தே வரும். கேட்பதற்கு ஒரு சாளரமும் அனுப்புவதற்கு ஒரு சாளரமுமாக இரண்டு முனையங்களைத் திறந்து வையுங்கள். தட்டாத நேரத்தில் ஒலி நின்றுவிட வேண்டும்; கேரியரைத் தொடர்ந்து வைத்திருக்கும் தேர்வை இயக்காதீர்கள், இயக்கினால் அம்மையார் தட்டவே வழி இருக்காது.

தொலைபேசிக்குப் போகும் முன் அவரது மேசையிலேயே ஒருமுறை சோதியுங்கள். மடிக்கணினியின் ஒலிபெருக்கியை, ஒலி கேட்கும் ரப்பர்க் குழிக்கு நெருக்கமாக வைத்து ஒரு வரி அனுப்பினால் அவரது திரையில் எழுத்து வர வேண்டும். அவர் தட்டும்போது மற்றக் குழியருகே உங்கள் ஒலிவாங்கியை வைத்தால் உங்கள் திரையில் வர வேண்டும். இது நடந்துவிட்டால் கணினிப் பக்கம் சரி; மிச்சமெல்லாம் கம்பியின் சிக்கல்.

அந்தச் சிக்கல் சிறியதல்ல. உங்கள் கணினியில் எஸ்ஐபி எனப்படும் இணையவழித் தொலைபேசி முறையில் அழைக்கும் நிரல் ஒன்றை நிறுவி, அதன் ஒலி வரவையும் போக்கையும் மினிமோடத்துடன் இணையுங்கள். ஒலிக் குறியாக்கத்தில், குரல் மாதிரியை நம்பாத ஜி.711ஐ மட்டும் அனுமதியுங்கள். ஜி.729 போன்றவை மனிதக் குரலின் மாதிரியை வைத்து ஒலியைச் சுருக்குபவை. 1400க்கும் 1800க்கும் இடையே தாவும் ஒலி அவற்றுக்குக் குரலாகத் தெரியாது, கசங்கித்தான் வெளியே வரும். அமைதியான நேரத்தில் எதையும் அனுப்பாமல் மிச்சம் பிடிக்கும் வசதி, இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம், ஒலியளவைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி ஆகிய நான்கையும் அணைத்துவிடுங்கள். இவை பேச்சுக்கு உதவுபவை. விட்டு விட்டு வரும் ஒலியின் முதல் பிட்டை விழுங்கிவிடும், முதல் பிட் போனால் அந்த எழுத்தே போய்விடும்.

பொட்டல இழப்பையும் கவனிக்க வேண்டும். இணையவழி அழைப்பில் ஒரு பொட்டலம் வழக்கமாக 20 மில்லி விநாடி ஒலியைச் சுமக்கிறது. அதாவது ஏறத்தாழ முழு ஒரு பிட். ஓர் எழுத்துக்குத் தொடக்கப் பிட்டும் நிறுத்தப் பிட்டும் சேர்த்து 165 மில்லி விநாடி, எனவே எட்டுக்கு மேற்பட்ட பொட்டலங்கள். ஆயிரத்தில் ஒரு பொட்டலம் தொலைந்தாலே நூற்றில் ஓர் எழுத்தளவுக்குப் பழுதாகலாம். பேச்சில் யாருக்கும் தெரியாத இழப்பு எழுத்தில் கண்கூடாகத் தெரியும். ஆகவே வைஃபையை விட்டுவிட்டு ஈத்தர்நெட் கம்பியில் இணையுங்கள்.

இவை சரிப்படும் வரை உரையாடலை நிறுத்தி வைக்க வேண்டாம். 711 என்ற எண்ணை அழைத்தால் இடைநிலைப் பணியாளர் ஒருவர் நீங்கள் பேசுவதைத் தட்டச்சு செய்து அவரது டிடிஒய்க்கு அனுப்புவார், அவர் எழுதுவதை உங்களுக்குப் படித்துச் சொல்வார். 1990ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் சட்டத்தின்படி நாடெங்கும் ஏற்பட்ட சேவை அது. உங்கள் செல்பேசியின் அணுகல்தன்மை அமைப்பில் ஆர்டிடி என்னும் நிகழ்நேர உரை வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். செல்பேசி வலையமைப்புகளில் டிடிஒய்க்குப் பதிலாக அதைக் கொண்டுவர அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2016 டிசம்பரில் விதி வகுத்தபோது, பழைய டிடிஒய்களுடன் அது இணங்க வேண்டும் என்றும் சொன்னது. அதில் எழுத்து எழுத்தாகவே போகும். ஒலியாக மாற்றும் வேலை வலையமைப்பின் எல்லையில் நடக்கும்.

மறுமொழி: வடகரை

அலைவரிசை ஐயா, மிக்க நன்றி. மேசைச் சோதனையில் இரு பக்கமும் எழுத்து வந்துவிட்டது. அம்மையார் காகிதத் துண்டைக் கிழித்து என்னிடமே கொடுத்துவிட்டார். தொலைபேசி வழியாகவும் வருகிறது. ஆனால் ஒரு குறை: சொற்கள் பெரும்பாலும் சரியாக இருக்கும்போதே, எண்கள் சில சமயம் எழுத்துகளாக வருகின்றன. அவர் தம் மருத்துவமனையின் எண்ணை அனுப்பியபோது 415 என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆர், க்யூ, டி என்று வந்தது. ஒலியளவை எவ்வளவு வைப்பது என்பதும் தெரியவில்லை.

மறுமொழி: தந்திக்கம்பி

நீங்கள் காட்டிய உதாரணத்திலேயே விடை இருக்கிறது. 5 பிட்டில் 32 குறிகள்தாம் அமையும். 26 எழுத்து, பத்து எண், நிறுத்தக்குறிகள் எல்லாவற்றுக்கும் அது போதாது. அதனால் ஒவ்வொரு குறிக்கும் இரண்டு பொருள். 'இனி எழுத்துகள்' என்பதற்கு 11111, 'இனி எண்கள்' என்பதற்கு 11011 என்று இரண்டு மாற்றுக் குறிகள் உண்டு. விசைப்பலகையின் மேல்வரிசையில் க்யூ முதல் பி வரையுள்ள பத்து எழுத்துகளும் 1 முதல் 0 வரையுள்ள எண்களும் முறையே ஒரே குறியைப் பகிர்கின்றன. 11011இல் ஒரே ஒரு பிட் கெட்டாலும் கணினி எழுத்து நிலையிலேயே நின்றுவிடும். 4 ஆர் ஆகும், 1 க்யூ ஆகும், 5 டி ஆகும். அடுத்த மாற்றுக் குறி வரும் வரை எல்லாமே இப்படித்தான் வரும். ஒரு வரி பொருளில்லாமல் வந்தால் மேல்வரிசையை வைத்து மாற்றிப் படித்துப் பாருங்கள், பெரும்பாலும் மீட்டுவிடலாம். எண்களை இருமுறை அனுப்பும்படி அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். டிடிஒய் பயன்படுத்துவோர் பலருக்கும் அந்த வழக்கம் உண்டு.

ஒலியளவைப் பற்றி: உச்சத்தில் வைக்காதீர்கள். அலையின் தலை வெட்டுப்பட்டால் வேண்டாத அதிர்வெண்கள் கலந்து பிழை கூடும். பாதியில் தொடங்கி, அவரது காகிதத்தில் பிழை குறையும் வரை சிறிது சிறிதாக ஏற்றுங்கள். அவரது கருவியின் விளக்கும் உதவும். கம்பியில் ஒலி வரும்போதெல்லாம் அது எரியும். நீங்கள் எதையும் தட்டாதபோதும் அணையாமல் இருந்தால் உங்கள் பக்கத்திலிருந்து இரைச்சல் போகிறது என்று பொருள், ஒலிவாங்கி இணைப்பில் இருந்து விடுபடவில்லையா என்று பாருங்கள். அழைப்பை அவர் எடுத்ததும் முதலில் இடைவெளி விசையைச் சில முறை தட்டுங்கள். அழைப்பது டிடிஒய் என்பதற்கு அதுவே அடையாளம்.

முறை மாற்றிப் பேசும் ஒழுங்கை நீங்களும் கைக்கொள்ளுங்கள். சொல்லி முடித்ததும் 'ஜிஏ' என்று இடுவது 'இனி நீங்கள்' என்பதற்கு. உரையாடலை முடிக்கும்போது 'எஸ்கே'. இது மரியாதை மட்டுமல்ல: இருவரும் ஒரே நேரத்தில் தட்டினால் ஒரே அதிர்வெண்ணில் இரண்டு ஒலிகள் மோதி, இருவர் திரையிலும் குப்பைதான் வரும். கணினியில் வேகமாகத் தட்டுபவர் முழுப் பத்தியையும் ஒட்டி அனுப்பிவிடும் ஆசைக்கு இடம் தரக் கூடாது. விநாடிக்கு ஆறு எழுத்துதான் போகும், நடுவில் அவர் உங்களை நிறுத்திக் கேட்க வழியிராது.

கடைசியாக, அவசர அழைப்பு. 911 மையங்கள் டிடிஒய் அழைப்பை நேரடியாக ஏற்கக் கடமைப்பட்டவை. அம்மையாரின் டிடிஒய்யும் அதன் கம்பித் தொலைபேசியும் இப்போது இருக்கும்படியே இருக்கட்டும். செலவு மிச்சம் என்று யாரேனும் அவரது இணைப்பையும் இணையவழிக்கு மாற்றச் சொன்னால், மாற்றுவதற்கு முன் அந்தப் புதிய இணைப்பில் இன்னொரு டிடிஒய்யை அழைத்து, எண்கள் நிறைந்த ஒரு பக்கத்தை அனுப்பச் சொல்லிப் பிழையைப் பாருங்கள். அவரது கதவு எண் க்யூவும் ஆருமாகப் போய்ச் சேரும் இணைப்பை அவரிடம் விட்டுவைக்கக் கூடாது.